பக்கத்து வீட்டில் தழைத்த என் ஐவி

ஏற்காட்டுக்குப் போனபோது எல்லோரும் காப்பித்தூள் வாங்கினார்கள். நான் ஐவிக்கொடி வாங்கினேன். பச்சை இலை, ஓரத்தில் வெள்ளைக் கரை. செஞ்சி வரும்வரை பஸ்ஸில் மடியைவிட்டு இறக்கவில்லை. வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"குளிர் ஊரு செடி இது. இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. ஒரு கோடை தாங்காது."

"தாங்கலன்னா இனிமே ஒரு செடி கூட வாங்கமாட்டேன், போதுமா?" என்று வாயை விட்டுவிட்டேன். செடி வாங்காமல் என்னால் ஒரு மாதம் இருக்க முடியாது.

பின்பக்கம், வெயில் எட்டாத சுவரோரம் தொட்டியில் வைத்தேன். நன்றாகத்தான் படர்ந்தது. பிறகு தினம் ஒரு நுனி குறைந்தது. ஆடு கடித்ததுபோல் இல்லை, நறுக்கென்று கிள்ளிய காம்பு. எங்கள் தெருவில் மணி பிளாண்டை யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள்; திருடி நட்டால்தான் வளரும் என்று நம்பிக்கை. என் ஐவியையும் அந்த ஜாதி என்று நினைத்துவிட்டார்கள்!

"கிள்ளின கை வெளங்குமா?" என்று வாசலில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, "உடாதக்கா, இன்னும் நல்லா கேளு" என்று கூடவே கத்தினாள்.

சித்திரை வெயிலில் இலை மஞ்சளானது. மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன். மஞ்சள் கூடக்கூடத் தண்ணீரையும் கூட்டினேன். ஒருநாள் தொட்டதும் அழுகிய வேரோடு கையில் வந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன். அனந்தபுரத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்த வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் வந்துவிடுவார்.

துணி எடுக்க மாடிக்குப் போனவள் பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் கல்லைப் பார்த்தேன். பக்கத்தில் பழைய பெயிண்ட் டப்பா. அதில் கொழுகொழுவென்று என் ஐவி! அடிப்பாவி!

அன்று அமாவாசை. அவள் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கிளம்பிப் போனதை நானே பார்த்திருந்தேன். கத்தரிக்கோலோடு அவள் பின்வாசல் வழியாக நுழைந்தேன்.

"இன்னாக்கா?"

அவளேதான். ஸ்பெஷல் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை என்று திரும்பி வந்திருந்தாள்.

"இது என் செடிடி!"

"ஆமா."

"கூட நின்னு திட்டினியேடி!"

"திட்டலன்னா என் மேல சந்தேகம் வந்துடுமேக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாழாய்ப்போன சிரிப்பு. "எப்பிடிடி வளத்த?"

"இன்னா வளத்தேன்? பாதி நாளு தண்ணி ஊத்தவே மறந்துடுவேன்."

"நாலு நுனி குடுடி."

"குடுத்தா வேர் புடிக்காதுக்கா." சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "நான் பாக்கல. சீக்கிரம் வெட்டிக்கினு ஓடு."

சாயங்காலம் வீட்டுக்காரர், நான் அந்த நுனிகளை நட்டுவைத்திருந்த தொட்டியைப் பார்த்தார். "இன்னாது, குட்டையாயிடுச்சி?"

"வெயிலுக்காக வெட்டிவுட்டேன்."

"பரவால்ல, தாங்கிடுச்சே. உன் கைராசி."

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி இருமினாள்.