மூன்று தலைமுறை டேப்புகள்

எழுபதுகளின் நடுவில், அடையாறுக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எங்களுக்கெல்லாம் மின்விசிறி, அதற்கு மட்டும் ஏ.சி. வாரத்தில் ஒரு மணி நேரம் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒரே கணக்கை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, ஒன்றரை வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜூலையோடு உதவித்தொகை நின்றுவிடும். அதற்குள் கணக்கு முடிந்தால் பட்டம், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இந்த வாரம் வரை போட்டது ஒரு டேப்பில் இருக்கும், போன வாரம் வரை போட்டது இன்னொன்றில், அதற்கும் முந்தையது மூன்றாவதில். பிள்ளை, அப்பா, தாத்தா என்பார்கள். பிள்ளை கெட்டால் அப்பா, அப்பாவும் கெட்டால் தாத்தா. மூன்றுமே கெட்டால் என்று ஒருமுறை கேட்டேன். அறைப் பொறுப்பாளர், மயிலாப்பூர்க்காரர், சிரித்தார்.

"மூணு பேரும் ஒரே நாள்ல போவாளா? அசடு மாதிரி பேசாதே."

யந்திரமும் லேசுப்பட்டதில்லை. ஓர் எழுத்து கெட்டிருந்தாலும் கண்டுபிடித்து நின்றுவிடும். ஆனால் தப்பு என்று சொல்லுமே தவிர, சரி எது என்று சொல்லாது. என் கைடும் அப்படித்தான்.

மே மாதம் ஒரு நாள் பிள்ளை டேப்பை மாட்டியதுமே யந்திரம் நின்றுவிட்டது. டேப் ஓட்டும் டிரைவ்கள் இரண்டு. ஒன்று ஸ்பேர் வராமல் பிரித்துப் போட்டபடி கிடந்தது. மற்றதற்கு ஆயுத பூஜையன்று வைத்த குங்குமம் இன்னும் இருந்தது. டேப்புக்கு யாரும் குங்குமம் வைப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த அறையில் சந்தேகம் எப்போதும் டேப் மேல்தான்.

"டேப்பு பூட்ச்சு போல கீது மேடம்," என்றார் ஆபரேட்டர்.

அப்பாவை எடுத்து அதே டிரைவில் மாட்டினார். அதுவும் நின்றது. பொறுப்பாளர் வந்து பார்த்தார்.

"தாத்தாவைப் போடு. அதுக்குத்தானே வெச்சிண்டிருக்கோம்."

அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தாவும் நின்றது.

மறுநாள் என்ஜினீயர் வந்து டிரைவைத் திறந்தார். படிக்க வேண்டிய டிரைவ், படிக்கிற சாக்கில் அழித்துக்கொண்டிருந்திருக்கிறது. மாட்டிய மூன்றையும் ஒழுங்காகத் துடைத்து வைத்திருந்தது. பொறுப்பாளர் என் முகத்தைப் பார்க்காமல் காபி வரவழைத்தார். குடித்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் காட்டுவது? எல்லாரும் விதிப்படிதான் செய்திருந்தார்கள்.

கூடுதல் நேரம் கேட்டு மேலிடத்துக்கு அலைந்தேன். கியூவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்கள். என் ஒரு மணி நேரத்தையும் அந்த கியூவிலேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அலமாரிச் சாவியைத் திருப்பித் தரப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் ஒரு டேப் சுற்றிக்கொண்டிருந்தது. ஓரம் விண்டிருந்த அதன் சக்கரம் எனக்குத் தெரியும். மேலே வேறொருவர் பெயர் ஒட்டியிருந்தது.

"அது என்னுதுதானே?" என்றேன் ஆபரேட்டரிடம்.

"ஆமா மேடம். டேப்பு நல்லாத்தான் கீது. இன்னாத்துக்கு வீணாக்கணும்?"

முடியும் வரை நின்று பார்த்தேன். யந்திரம் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.