ஆறு குழி சொக்லட் பெட்டி

வீட்டில் சொக்லட் செய்து விற்கும் தொழிலில் ருசி இரண்டாவது, நாள்தான் முதலாவது. பிறந்தநாளுக்கு மறுநாள் போய்ச் சேரும் பெட்டி எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் அதை யாரும் சீந்துவதில்லை. உங்களில் யாராவது வீட்டு அடுப்படியில் கேக்கோ முறுக்கோ செய்து விற்றிருந்தால் நான் சொல்வது சட்டென்று விளங்கும். விளங்காதவர்கள் பாக்கியசாலிகள்.

நான் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் இனிப்புப் பகுதியில் இருந்தவன். வெள்ளைக்காரர்கள் வராமல் போன காலத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மனைவி யோகா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நான் மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் எங்கள் வீட்டிலேயே இந்தத் தொழிலைத் தொடங்கினேன். தொழில் காலூன்றிவிட்டால், ஒப்பந்தம் முடிந்ததும் அவள் திரும்பி வந்துவிடலாம் என்பது என் ஆசை. அதை அவளிடம் வாய் திறந்து சொன்னதில்லை. தினமும் போனில் பேசுவோம். சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்பாள், சாப்பிட்டியா என்று நான் கேட்பேன், அதற்குள் அவளுடைய மேடம் கூப்பிட்டுவிடுவார்.

இரண்டு பாஷைக்கும் ஒரே சொல்

சொக்லட் செய்கிறவனுக்குப் பெரிய கஷ்டம் ருசி பார்ப்பது. ஏலக்காய் போட்டதையும் சாதிக்காய் போட்டதையும் மாறி மாறி வாயில் போட்டால் கொஞ்ச நேரத்தில் நாக்கு மரத்துவிடும். பிறகு எல்லாம் ஒன்றுதான். ஹோட்டலில் பக்கத்து மேசைக்காரன் வாயில் ஒன்றைத் திணித்தால் போதும், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வீட்டில் திணிப்பதற்கு ஒரு வாய் இல்லை.

அதனால் என் முதல் வாடிக்கையாளரான, என்னை எப்போதும் 'மல்லி', அதாவது தம்பி, என்று கூப்பிடும் எதிர்க்கடைச் சிங்கள நோனாவை, மகனின் பிறந்தநாள் ஓர்டரை எடுக்க வந்தபோது, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பிடக் கொடுத்தேன். அவர் ஒன்றைத் தின்றார், இன்னொன்றையும் தின்றார், சாதிக்காய் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றார். அவர் கிளம்பிவிடக் கூடாதே என்று மூன்றாவதையும் நீட்டினேன். அவர் அதை வாங்காமல், பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடந்த ஒரே தட்டையும் ஒரே கோப்பையையும் பார்த்தார். சிங்களத்தில் வேறு எந்தச் சொல்லால் கேட்டிருந்தாலும் விளங்காத மாதிரி இருந்திருப்பேன். இந்தச் சொல் பாழாய்ப்போக, இரண்டு பாஷையிலும் ஒன்றாகவே இருக்கிறது.

"மல்லி, தனியமத?"

ஒன்பதாவது தட்டு

பல்லேபொலப் பக்கம் ஒரு வீட்டில் பெண்பிள்ளைக்குச் சடங்கு. தாய்மாமன் சீர்த்தட்டு கொண்டு வர வேண்டும், தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். பூ, பழம், புடவை என்று எட்டுத் தட்டு சேர்ந்ததால் ஒன்பதாவதாக என் சொக்லட்டை வைத்துக்கொண்டார்கள். ரோஜாப்பூ வடிவில் அடுக்கி, நானே த்ரீவீலில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

போய் இறங்கினால் தட்டு ஒன்பது, தூக்க வந்த பெண்கள் எட்டுப் பேர். தாய்மாமன் என்னிடம் வந்து, உங்க வீட்டம்மாவையும் கூட்டி வந்திருக்கலாமே என்றார். குவைத்தில் இருக்கிறாள் என்றேன். நேரம் போகிறது, மேளம் தொடங்கிவிட்டது. கடைசியில் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால், சொக்லட் கறை படிந்த காற்சட்டையோடு ஒன்பதாவது தட்டைத் தூக்கிக்கொண்டு நானே நடந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நடந்து எத்தனையோ நாளாகியிருந்தது. வாசலை நெருங்கும்போது வீடியோக்காரத் தம்பி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, தட்ட மட்டும் இந்தப் பக்கம் நீட்டுங்க. நீங்க படத்துல விழாம கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

தொலைந்துபோன ஓர் எழுத்து

என் பெட்டியில் ஆறு குழி. குழிக்கு ஒரு வட்டச் சொக்லட், வட்டத்துக்கு மேலே வெள்ளைச் சொக்லட்டில் ஓர் எழுத்து. 'வாழ்த்துக்கள்' என்று போடத்தான் எல்லோரும் சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள், ஏழு எழுத்து வரும். நான் இரண்டு எழுத்தை ஒரே வட்டத்தில் நெருக்கி எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மாத்தளையிலிருந்து ஒரு தமிழ் டீச்சர் வந்தார். பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் சுருங்கியது. 'க்' வரவே கூடாது, 'வாழ்த்துகள்' என்பதுதான் சரி என்று நின்ற நிலையில் ஒரு பாடமே நடத்தினார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆறு குழிக்கு ஆறு எழுத்து, இலக்கணமே என் பக்கம் வந்துவிட்டது. அன்றிலிருந்து 'க்'கை விட்டுவிட்டேன். அந்த நிம்மதி அடுத்த வாரம் வரைக்கும் இருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து மகள் கல்யாணத்துக்குப் பெட்டிகள் வாங்க வந்த அப்பா ஒருவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். டீச்சர் நடத்திய பாடத்தை நானும் நடத்திப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அதெல்லாம் சரிங்க, மத்தவங்களுக்கெல்லாம் முழுசா போட்டுட்டு, எங்க புள்ள கல்யாணத்துக்கு மட்டும் ஏன் ஒரு எழுத்து கொறயுது?"

சாராயச் சோதனை

பெண்சாதி வெளிநாட்டில், ஆண் வீட்டில் என்றால் அவன் குடிப்பான் என்பது ஊரின் முடிவு. அது போதாதென்று, ஹோட்டலில் சொக்லட்டுக்கு ரம் ஊற்றுவார்கள் என்ற கதையும் பரவியிருந்தது. மாத்தளை டவுனில் ஒரு முஸ்லிம் வீட்டில் மகளுக்கு நிக்காஹ். ஓர்டர் தருவதற்கு முன் பெண்ணின் உம்மா என் அடுப்படியைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். தங்கையின் கல்யாணத்துக்காகக் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த மகன், கூச்சத்தோடு வாசலிலேயே நின்றுகொண்டார்.

உம்மா ஒரு அலுமாரி விடாமல் திறந்தார். எசன்ஸ் போத்தல்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார், அதில் சொக்லட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அடுப்பில் இருந்த சட்டிகளின் மூடியையும் தூக்கினார். சொக்லட் உருக்கும் சட்டி, அதற்கு அடியில் சுடுதண்ணீர்ச் சட்டி, அவ்வளவுதான். நான் அன்று காலையிலிருந்து ஒரு துண்டுப் பாணும் வெறும் பிளேன்டீயுமாக இருந்தேன். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஓர்டர் எனக்குத்தான் என்று முடிவானது. செருப்பைப் போடும்போது உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த ஊட்டுல சாராயமும் இல்ல, சோறும் இல்ல, மகன்."

என் வீட்டு ஓர்டர்

அந்த உம்மாவின் மகன் குவைத்துக்குத் திரும்புகிறார் என்று தெரிந்ததும், யோகாவுக்கு ஒரு பெட்டி கொண்டுபோக முடியுமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். அவள் ஒப்பந்தம் முடியப் போகிற நேரம். இருப்பதா வருவதா என்று அவள் மேடம் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தாள். உன் இஷ்டம் என்று நான் சொல்லியிருந்தேன். இஷ்டமாவது மண்ணாங்கட்டியாவது. சம்பாதிக்கப் போனவளை எந்த முகத்தோடு வா என்பது?

வாயால் வராததைக் கையால் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கல்யாணங்களுக்குப் போடுவது வெயில் தாங்கும் மலிவான கட்டிச் சொக்லட். அவளுக்கு மட்டும் அசல் கொக்கோ வெண்ணெய் சேர்ந்ததை வாங்கினேன். உள்ளே அவளுக்குப் பிடித்த ஏலக்காய். முதல் வட்டத்தில் 'வா' என்று எழுதினேன். மற்ற ஐந்தையும் வெறுமனே விட்டேன். ஒரே எழுத்துத்தான், ஆனால் அதை மூன்று முறை சுரண்டிவிட்டுத் திரும்ப எழுதினேன்.

அவர் போய்ச் சேர்ந்தும், யோகாவுக்கு வெளியே வர அனுமதி கிடைத்து, பெட்டி அவள் கைக்குப் போக, அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை இரண்டு தாண்டிவிட்டது. அசல் சரக்கு அந்த ஊர் வெயிலுக்குத் தாங்குமா? பெட்டி கிடைத்த அன்றைக்கே போனில் அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எல்லாம் உருகி ஒரே கட்டியாக இருக்கிறதாம், கத்தியால் வெட்டித் தின்கிறாளாம், ஏலக்காய் வாசம் அறை முழுக்க இருக்கிறதாம். ஒரு மூலையில் முதல் எழுத்து 'வா' மட்டும் கலங்கலாகத் தெரிகிறது, வாழ்த்துக்கள் என்று போட்டிருந்தீர்களா, மற்ற எழுத்தெல்லாம் உருகிவிட்டதா என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் வழக்கம்போல் முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இல்ல யோகா. அவ்வளவுதான் எழுதினேன்" என்றேன்.

அந்தப் பக்கம் மேடம் கூப்பிடுவது எனக்கே கேட்டது. அவள் போகவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"நேத்துதாங்க இன்னும் ரெண்டு வருசம் இருக்கேன்னு கையெழுத்து வச்சேன். ஒரு நாளாவது வாய் தொறந்து வான்னு சொன்னீங்களா?"

ஊரிலுள்ள அத்தனை வீட்டுக்கும் நாள் தவறாமல் பெட்டி கொடுத்த நான், என் சொந்த வீட்டு ஓர்டரில் மட்டும் ஒரு நாள் பிந்திவிட்டேன்.