காவல்கார அம்மாள் சொன்ன பொய்

அந்த அம்மாள் மியூசியத்தில் காவலுக்கு இருப்பவர். நீலச் சேலை, நரைத்த கொண்டை. பார்க்க வருகிறவர்கள் விரல் வைத்த கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே பின்னால் வருவார்.

அதே நகரத்தில், கரமனையிலேயே பிறந்து வளர்ந்தும் ஐம்பது வயதுவரை நான் அங்கே நுழைந்ததில்லை. ஆனால் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சம்பந்தியிடம், மாதாமாதம் போவேன் என்று அளந்துவிட்டிருந்தேன். அவரை அழைத்துக்கொண்டு செருப்புக்காலோடு உள்ளே போனேன்.

"செருப்ப வெளிய விடணும், சார்" என்றார் அந்த அம்மாள்.

"மாசாமாசம் வருவேன்னேளே?" என்றார் சம்பந்தி.

அந்த அம்மாள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "சார் வழக்கமா வர்ற ஆளாக்கும். இந்த நியமம் இப்பத்தான் வந்தது."

வெளியே செருப்பைக் கழற்றும்போது, செருப்பை வெளியே விடச் சொல்லும் அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது. துருப்பிடித்து, பாதி எழுத்து உதிர்ந்திருந்தது.

கிளம்பும்போது தனியாகப் போய் நன்றி சொன்னேன்.

"விருந்தாளி முன்னால நாணக்கேடு வேண்டாம்னுதான். ஒரு நாள் நிதானமா வாங்க சார், எல்லாம் காட்டுறேன்" என்றபடி, நான் கை ஊன்றியிருந்த கண்ணாடியைத் துடைத்தார்.

இன்னும் போகவில்லை. சம்பந்தி போனில் கேட்டால் மட்டும், "போன வாரம்கூடப் போனேனே, அந்த அம்மா உங்களை விசாரிச்சா" என்கிறேன்.