வத்ஹாவின் தொடையில் ஒரு கோடு

என் கணவர் ஹாதி மனிதர்களோடு அதிகம் பேசமாட்டார். அறுபது வருடமாக அவர் பேச்செல்லாம் ஒட்டகங்களோடுதான். எங்கள் வீடு கத்தாரில் இருந்தாலும் ஒட்டகங்கள் எப்போதும் சவூதிப் பக்கத்து மணலில்தான் மேய்ந்தன. அவர் அங்கே இல்லாத நாட்களில் சவூதிக்காரனான சித்தப்பா மகன் ஷாஃபி பார்த்துக்கொள்வான். ஒரே வம்சம் என்பதால் ஒட்டகத்தின் தொடையில் போடும் அடையாளச் சூடும் ஒன்றே. ஷாஃபியுடையதில் மட்டும் கீழே ஒரு கோடு கூடுதல்.

ஒரு நோன்பு மாதத்தில் இரண்டு நாட்டு அரசுகளும் பகைத்துக்கொண்டன. கத்தார்க்காரர்களின் கால்நடைகள் சவூதியை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு. ஷாஃபி போன் செய்தான்.

"ஹாதிண்ணே, எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டிருக்காங்க. உங்க வத்ஹா ஒட்டகத்துக்குக் கால் வீங்கியிருக்கு. இந்த வெயில்ல நடந்தா செத்துரும். என் கோட்டைப் போட்டுரவா?"

"போடு. உன்னுதாவே நிக்கட்டும்."

மற்றவை நடந்தே வந்தன. மூன்று வழியில் விழுந்துவிட்டன.

ஆகஸ்டில் எல்லையைச் சில நாள் திறந்தார்கள். விட்டுப்போன ஒட்டகங்களை எடுத்துக்கொள்ளலாம். லாரியோடு போனோம். நான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு உள்ளேயே இருந்தேன். ஷாஃபி வத்ஹாவைக் கொண்டுவந்து மற்ற ஒட்டகங்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தான். சூட்டை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று இருவருமே நம்பியிருந்தார்கள்.

சவூதிப் பக்கத்து அதிகாரியும் ஒட்டகக்காரர் வீட்டுப் பிள்ளை போலும். குனிந்து பார்த்தார்.

"இது நம்ம பக்கத்து ஆளோட சூடாச்சே. கோடு வேற புதுசா இருக்கு. கத்தார் ஒட்டகத்தை யாராவது ஒளிச்சு வெச்சிருந்தா ஆளைக் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கும்."

ஷாஃபி மணலைப் பார்த்தான். அவனுக்கு ஐந்து குழந்தைகள். வத்ஹாவோ என் கணவரைக் கண்டதுமே அவர் தோளில் தாடையை வைத்துக் கழுத்தை நக்கத் தொடங்கியது.

"பெரியவரே, இது உங்களுதா?"

"இல்ல."

"பின்ன ஏன் உங்க கழுத்தை நக்குது?"

"வேர்வை. உப்புக்கு நக்குது."

"அப்ப நாளைக்கு நானும் குளிக்காம வர்றேன்" என்றார் பின்னால் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

தாய் செத்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து புட்டிப்பாலில் வளர்ந்தது அது. புட்டியைப் பிடித்தவள் நான்.

ஷாஃபி கயிற்றை இழுத்தான். அது நகரவில்லை. மறுபடி இழுத்தான். அதிகாரி என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் என் கணவரே அதன் கழுத்தைத் தட்டி, மேய்ச்சலுக்குக் கிளப்பும் குரலில், "ஹெய், போ" என்றார்.

அவர் சொன்னதால் ஷாஃபியின் பின்னால் போயிற்று.