ஸ்டோரில் ஏறிய ஈரம்

எட்டாம் வகுப்போடு கொப்பியை மூடியவன் நான். ஆனாலும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஏலக்காய் ஸ்டோருக்குள் கம்ப்யூட்டர் வைத்த முதல் ஆள் நான்தான்; யாரிடமும் கேட்டுப் பார்க்கலாம். பட்டம் படித்த என் மருமகன், "ஷொக் அடிக்கும் மாமா" என்று தள்ளி நின்று பார்த்தவர்.

யுத்தம் முடிய இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருந்த காலம். முந்தைய வருஷம் நான் அனுப்பிய சரக்கு பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்திருந்தது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் அந்த வெளிநாட்டு வியாபாரி என் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். கப்பலுக்கு இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள். அதுவரை மூட்டைகள் ஈரம் குடிக்கக் கூடாது.

புறக்கோட்டையில் எலெக்ட்ரொனிக் சாமான் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் சுண்டுவிரல் நகமளவு சென்சர் ஒன்றைத் தந்தார். சூட்டையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துச் சொல்லுமாம். நாலு கால்: கரண்டுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, கம்ப்யூட்டரோடு கதைக்க இரண்டு.

"கரண்டுக் காலையும் எர்த்துக் காலையும் மாத்திட்டீங்கண்டா மவுத்துதான் முதலாளி," என்றார்.

மாற்றித்தான் கொடுத்தேன். விரல் வைத்தால் சுட்டது, அதோடு சென்சர் மவுத்து. திரும்பிப் போய் வாங்கிய இரண்டாவதைச் சிவப்பு வயர், கறுப்பு வயர் பார்த்துப் பற்றவைத்து, கொப்பியளவு பழைய கம்ப்யூட்டரில் பிரிண்டர் செருகும் இடத்தில் கொழுவினேன். நானா தந்த டிஸ்க்கைப் போட்டதும் திரையில் இரண்டு இலக்கம் வந்தது. சூடு முப்பத்தொன்று, ஈரம் அறுபத்து நாலு.

அன்று முழுக்க அதற்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தேன். உள்ளங்கையைக் கிட்டக் கொண்டுபோனால் சூடு ஏறும். வாயால் ஊதினால் இரண்டும் ஏறி, ஈரம் தொண்ணூறுக்குப் பாயும். விட்டால் இறங்கும். எத்தனை தரம் ஊதினேன் என்று எனக்கே தெரியாது.

பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அது தானாகவே கணக்கெழுதி வைக்கும். மறுநாள் காலையில் பார்த்தால், இரவு ஏழு மணிக்கு ஸ்டோரைப் பூட்டிய பிறகு ஈரம் மெல்ல ஏறி, எண்பதில் நின்று, விடிந்தபின் இறங்கியிருந்தது. மழையே இல்லை. கூரையைப் பார்த்தேன், சுவரைத் தடவினேன், எல்லாம் காய்ந்துதான் கிடந்தன. இரண்டாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள்தான் மற்ற இலக்கத்தைக் கவனித்தேன். இரவில் சூடு இறங்கத்தானே வேண்டும்? இங்கே அதுவும் ஈரத்தோடு சேர்ந்து ஏறியிருந்தது. இரண்டும் சேர்ந்து ஏறியதை நான் ஒரே இடத்தில்தான் பார்த்திருந்தேன், என் வாய்க்கு முன்னால்.

ஸ்டோரைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடமும், பல வருஷமாக அதைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்காரரிடமும் மட்டுமே இருந்தது. அவரைக் கூப்பிட்டேன்.

"இரவில உள்ளுக்கு எத்தனை பேர் ஐசே?"

அவர் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பெட்டி ஆக்களையும் பார்க்குமா முதலாளி?"

"பார்க்காது. மூச்சை எண்ணும்."

"நாலு பேர். என்ர தங்கச்சியும் மூண்டு பிள்ளைகளும், வவுனியாவில இருந்து வந்ததுகள். பொலிஸ் பதிவு இல்லையெண்டு லொட்ஜில வெளியில விட்டுட்டாங்கள். சமைக்கேல்லை, லைட் போடேல்லை. மூச்சு விடாதேங்கோ எண்டு மட்டும்தான் நான் சொல்லேல்லை."

கொழும்பில் தங்குகிற தமிழாக்கள் பொலிசில் பெயர் பதியவேண்டிய காலம் அது. உள்ளே இருந்தால் ஏலக்காய் போய்விடும். வெளியே விட்டால், பதிவில்லாத அவர்கள் ஆமி மறித்துச் சோதிக்கிற முதலாவது சென்ட்ரியையே தாண்டமாட்டார்கள். அன்றே என் வீட்டுப் பதிவுப் பத்திரத்தில் நாலு பெயரையும் சேர்த்து, நானே பொலிசுக்குக் கொண்டுபோனேன். யார் இவர்கள் என்று கேட்டார்கள். என் தங்கச்சி குடும்பம் என்று சிங்களத்தில் சொன்னேன். நான் கதைக்கிற சிங்களத்துக்கு இரண்டாவது கேள்வி கேட்ட பொலிஸ்காரர் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்த இரவு முழுக்க ஈரம் அறுபத்தைந்து, கோடு போட்ட மாதிரி. சரக்குக் கப்பலேறியது. திரும்பி வரவில்லை.

பிறகு கம்ப்யூட்டரையும் சென்சரையும் வீட்டு ஹோலில் வைத்துப் பார்த்தேன். ஆறு பேர் இருந்த வீட்டில் இப்போது பத்துப் பேர். ஈரம் எண்பத்தாறு காட்டியது.

"இஞ்ச ஏலக்காய் ஒண்டும் இல்லையே, கழட்டுங்கோவன்," என்றாள் மனைவி.

கழற்றினேன். சோறு அவிகிற குசினியில் எவ்வளவு காட்டும் என்று பார்க்க வேண்டியிருந்தது.