பினாங்கில் ஆறு பத்துக்கு இருட்டு

வியாழன், காலை 8.40. பினாங்கு விமான நிலையத்தில் இறங்கியதும் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். மதுரையில் ஒரு பள்ளியில் நான் புவியியல் ஆசிரியை. தீர்க்கக்கோடு ஒரு பாகை நகர்ந்தால் நான்கு நிமிடம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவள். எங்கள் வீட்டில் பள்ளியை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆளும் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைத்ததும் இல்லை.

நான் போக வேண்டிய ஜார்ஜ் டவுன் அங்கிருந்து பதினாறு கிலோமீட்டர். வாடகைக் காருக்கு முப்பத்திரண்டு வெள்ளி; ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஓட்டிய ரவி அண்ணன் பாயான் பாருவில் குடியிருக்கிறார். மடியில் நான் வைத்திருந்த சிவப்புப் பட்டுச்சேலையைப் பார்த்து விசாரித்தார். மாரியம்மனுக்குச் சாத்த வந்தேன் என்றேன்.

"இதுக்கா இவ்ளோ தூரம்? உங்க ஊர்ல அம்மன் இல்லையா தங்கச்சி? இங்க இருக்கிற அம்மனே உங்க ஊர்ல இருந்து கப்பலேறி வந்தவதான் லா."

அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வுக்கும் சேர்த்துச் சிரித்தேன். வேண்டுதலை மட்டும் சொன்னேன், மீதியைச் சொல்லவில்லை.

மீதி இதுதான். அப்பா இந்த ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். அம்மா அந்த முதலாளி வீட்டில் வேலை செய்தாள். அக்கா இங்கேதான், ஓர் ஐப்பசியில், எட்டாம் மாதமே பிறந்தாள். பிள்ளை தங்கினால் கல்யாணத்துக்குப் பிறகு கூட்டி வந்து பட்டுச் சாத்துகிறேன் என்று அம்மா மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். அதனால்தான் அக்காவுக்கு மாரீஸ்வரி என்று பெயர். ஆறு மாதக் குழந்தையோடு ஊர் திரும்பியதும், பிறந்த நேரம் காலை ஆறு பத்து என்று எழுதியிருந்த சீட்டைக் கொடுத்து எங்கள் ஊர் ஜோசியரிடம் ஜாதகம் எழுதி வாங்கினார்கள்.

துலாம் லக்னம். எட்டில் செவ்வாய். மாங்கல்யத்துக்கு ஆகாது.

ஐந்தாம் வகுப்போடு அக்காவை நிறுத்தினார்கள். அவள் பருத்திக் காட்டுக்குப் போன கூலியில் எனக்கு நோட்டு வந்தது, பாவாடை வந்தது, கடைசியில் கல்லூரியும் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் காப்பியைக் கூடக் குடிக்காமல் எழுந்தார்கள். முப்பத்து மூன்று வயதில், அதே தோஷம் உள்ள ஒருவருக்குக் கட்டி வைத்தோம். நல்ல மனிதர். அக்காவுக்காகத் தினமும் சந்தையிலிருந்து கதம்பம் வாங்கி வருவார். மூன்றாம் வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். சாவு வீட்டில் அவருடைய அம்மா, "எட்டுல செவ்வாய வச்சுக்கிட்டு எம் புள்ளைய முழுங்கிட்டியேடி" என்று கேட்டார். அக்கா தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகு இந்த இரண்டு வருஷமாக அவள் எந்த அம்மன் கோயிலிலும் கால் வைத்ததில்லை.

ஜாதகமே பொய் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "நீ படிச்சவ, உனக்கு அப்படித்தான் தோணும்" என்பாள். போன தை மாதம் அம்மா இறக்கும்போது, வேண்டுதலையாவது தீர்த்துவிடு, அந்த ஜாதகத்தை அம்மன் காலடியில் வைத்து எடு என்று என்னிடம்தான் சொன்னாள். அக்காவைக் கூப்பிட்டேன். "நான் உள்ள வந்தா அந்த அம்மனுக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. லிட்டில் இந்தியாவில் ஒரு விடுதியின் மாடியறை, ஒரு நாளைக்கு எழுபது வெள்ளி. குளித்துச் சேலையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வானம் கறுப்பாக இருந்தது. சீக்கிரம் வந்துவிட்டேன் போலிருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பத்து.

கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், மழை இருட்டா என்று கேட்டேன்.

"மழை இல்ல மா. இங்க ஏழு மணிக்கு மேலதான் லா வெளிச்சம் வரும். ஆறு பத்துக்குக் கோழிகூட எந்திரிக்காது."

பூவை வாங்கவும் மறந்து அங்கேயே நின்றேன். அக்கா பிறந்தபோது கும்மிருட்டு, விளக்கைப் பிடித்துத்தான் பிள்ளையின் முகத்தைக் காட்டினார்கள் என்று அம்மா சொல்வாள். "ஐப்பசியில ஆறு பத்துக்கு எப்படிம்மா கும்மிருட்டா இருக்கும்? வெயிலே வந்துரும்" என்று நான் சிரித்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாதவள், ஞாபகம் பிசகிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளும் பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

அம்மன் காலடியில் சேலையையும் ஜாதகத்தையும் வைத்தார்கள். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

காலை 10.15. இரண்டு தெரு தள்ளி, நகைக்கடை மாடியில் ஒரு ஜோசியர். தட்சிணை முப்பது வெள்ளி. ஜாதகத்தை ஒரு பார்வை பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றினார்.

"ஊரு பினாங்குன்னு போட்டுட்டு, டைம இந்தியா டைமா வச்சு எழுதிட்டாங்க மா. ஊருக்கு அனுப்பி எழுதி வாங்குனதுல இந்தத் தப்பு நான் நிறையப் பாத்திருக்கேன்."

கணினியில் மறுபடி போட்டார். லக்னம் ஒரு கட்டம் பின்னால் போய்க் கன்னியானது. செவ்வாய் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் லக்னத்திலிருந்து எண்ணும் எண்ணிக்கை மாறிவிட்டது.

"எட்டுல இல்ல. ஒம்பதுல. இந்தப் பிள்ளைக்குத் தோஷமே கிடையாது. கல்யாணம் ஆயிருச்சா?"

ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை. அக்காவுக்கு உண்டு. அந்தத் தாள் இருபது வருஷமாக எங்கள் வீட்டு அலமாரியில் என் சான்றிதழ்களோடு ஒரே உறையில் இருந்தது. அதில் பினாங்கு என்று எழுதியிருந்ததை நான் படித்திருக்கிறேன். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம்.

கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து அக்காவைப் போனில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பின்னணியில் பால் கேனை இறக்கி வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா சொன்னது சரிதானா, இருட்டுன்னு?"

"சரிதான்க்கா."

"அப்போ அவரு... என்னால சாகலையா?"

"நெஞ்சுவலிக்கா. டாக்டர் அன்னைக்கே சொன்னார்ல."

"நீயும்தான் சொன்ன. நான் கேக்கல."

பிறகு அவள் அழுதாள். வீணாய்ப் போன இருபது வருஷத்துக்காக அழுகிறாளோ என்று முதலில் நினைத்தேன். இல்லை. அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். கதம்பத்தைச் சொன்னாள், அவருடைய செருப்பைச் சொன்னாள், கடைசி நாள் அவர் பாதி வைத்துவிட்டுப் போன சோற்றைச் சொன்னாள். கொன்றவளுக்கு அழ உரிமை இல்லை என்று இரண்டு வருஷம் அடக்கி வைத்திருந்தது இது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எதிரே படகுத்துறையிலிருந்து ஒரு படகு கிளம்பி, மறுகரைக்குப் போய்ச் சேரும் வரை அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"குங்குமம் குடுத்தாங்களா?" என்று கடைசியில் கேட்டாள்.

"குடுத்தாங்க."

"கொண்டா. வச்சுக்குவியான்னு மட்டும் கேக்காத."

சனி, காலை 6.00. விமான நிலையத்துக்கு மறுபடியும் ரவி அண்ணன்தான் வந்தார். வேண்டுதல் முடிந்ததா என்று கேட்டார், முடிந்தது என்றேன். தெரு முழுக்க இருட்டு. எங்கள் ஊரில் ஐப்பசி மாதம் இந்த மணிக்கு வாசல் தெளித்து முடித்திருப்பார்கள். குங்குமப் பொட்டலத்தைக் கைப்பையில் ஜாதகத்தோடு வைக்க மனம் வரவில்லை. தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். காரின் முன்பலகையில் மணி ஆறு பத்தைக் காட்டியபோது கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தேன். அம்மா சொன்னதைப்போலவே கும்மிருட்டாக இருந்தது.