அரக்குத் தொப்பியும் மொட்டைத் தலையும்

"நான் எத்தனையாவது வந்தேன்?" என்று கேட்டேனாம். அஞ்சலை பதில் சொன்னாளாம். சற்று நேரம் கழித்து அதையே மறுபடி கேட்டேனாம். ஈப்போவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் போட்ட கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என் மனைவி அந்த ஒரே கேள்விக்குப் பகல் முழுவதும் பதில் சொல்லியிருக்கிறாள். முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய், "மொத ஆளா வந்தீங்க, கண்ண மூடிப் படுங்க" என்று சொல்லிவிட்டாள். உண்மையில் நான் எங்கும் வந்து சேரவில்லை. கார் கவிழ்ந்து புல்லில் கிடந்தேன்.

தலையில் அடிபட்டவரை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன ஆகுமோ என்று காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மோட்டார் ஓட்டுகிறவர்களும் படிக்கட்டும். அங்கங்கே கோபம் வரும். பெரும்பாலும் அது என் மேலேயே வருகிற கோபம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பகுதியில் நடந்தது இது. சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த நான், அப்போது ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) மோட்டார்ப் பட்டறையில் மெக்கானிக். சீனப் புத்தாண்டு விடுமுறையில் குதிரைப் பந்தயத் திடலில் கார் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். தவுக்கே தன் கூரையில்லாத காரை அதில் விட்டார். ஓட்ட என்னைப் பிடித்தார்.

நாலு மாதம் முன்பே பினாங்கிலிருந்து மூன்று தொப்பிகள் வரவழைத்தோம். ஒன்று வெறும் தோல். காதுக்குள் காற்று புகாது, அவ்வளவுதான் அதன் உபயோகம். இன்னொன்று தக்கை வைத்தது. விரலால் அழுத்தினேன், குழிந்தது. மூன்றாவது, கித்தான் துணியை அடுக்கடுக்காக ஒட்டி அரக்குப் பூசி இறுக்கியது. விரல் முட்டியால் தட்டினால் முற்றிய தேங்காய் மாதிரி கணீரென்றது. அதைப் போட்டு, தாடைக்குக் கீழே வாரைக் கட்டி, 'மாட்டேன்' என்பதுபோலத் தலையை ஆட்டிப் பார்த்தேன். தொப்பி தனியாகச் சுற்றவில்லை. நெற்றித் தோலையும் கூட இழுத்துக்கொண்டு நகர்ந்தது. தலைக்குச் சரியான தொப்பி என்பதற்கு வேறு அடையாளம் தேவையில்லை.

அப்போது எனக்கு அடர்ந்த முடி. அதில் கத்தரி படக்கூடாது என்று அஞ்சலை உத்தரவு போட்டிருந்தாள். பந்தயத்துக்கு முந்தி வரும் தைப்பூசத்தில் நான் முடி இறக்குவதாகவும், முருகன் என்னைப் பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் அவர்கள் இருவருக்குள் ஏற்பாடு. தலைக்குச் சொந்தக்காரனை யாரும் கேட்கவில்லை.

தொப்பியை நான் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்துக்கொண்டேன். வெயிலிலோ என்ஜின் சூட்டிலோ வைக்கவில்லை, அரக்கு இளகும். பட்டறையில் இருக்கும் ஸ்பிரிட், மண்ணெண்ணெய் எதையும் அதன் கிட்டே விடவில்லை. உள்துணியில் வியர்வை ஊறினால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினேன். இவ்வளவு கருத்தாக இருந்தவன், தைப்பூசத்தன்று ஈப்போ புந்தோங்கிலிருந்து முருகனின் குகைக் கோயிலுக்கு நடந்துபோய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

பந்தய நாள் காலை எனக்கு வெகுநாள் நினைவில் இல்லை. அதற்குப் பிறகு மூன்று நாளும் இல்லை. அந்த நாட்களைப் பற்றி எழுதுவதெல்லாம் அஞ்சலை சொன்னது.

எனக்கு வந்தது மூளை அதிர்ச்சி (அடிபட்ட வேகத்தில் மூளை குலுங்கி, வேலை தடுமாறிப்போவது) என்றார் வெள்ளைக்கார டாக்டர். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என் இடது கண்மணி வலதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்து மூளையை நெருக்கினால் அப்படி ஆகுமாம். டாக்டர் சொன்னதை டிரெசர் (டாக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்க்கும் ஊழியர்) தமிழில் சொன்னார்.

"ஏம்மா, கண்ணு இன்னும் பெருசானா மண்டையில தொளை போட்டு ரத்தத்த எடுக்கணும். இங்க கைநாட்டு வையி."

"தொளை போட்டா பொழைச்சிடுவாரா?"

"போடாம விட்டாத்தான் ஆபத்து. தலை ஏற்கெனவே மொட்டையா இருக்கு. செரைக்கிற வேலை மிச்சம்."

அந்த மனிதர் ஆறுதலாகத்தான் சொன்னார் போலிருக்கிறது. சாமிக்குக் கொடுத்த தலையை ஆஸ்பத்திரிக்குத் தயார் செய்துவிட்டோமோ என்று அஞ்சலைக்குத் தோன்றிவிட்டது. கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாள். அதன் பிறகு டிரெசர் விளக்கோடு வரும்போதெல்லாம், அவர் பார்ப்பதற்கு முன்பே குனிந்து என் கண்ணை அவளே பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் மாலை இரண்டு கண்மணிகளும் ஒரே அளவாகின. துளை போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குணமாகிவிட்டது என்று நினைத்தோம். நெடுநாள் பாடு அதற்குப் பிறகுதான். வெளிச்சம் குத்தியது. குனிந்து வேட்டியைக் கட்டினால் சுவர் சாய்ந்தது. ஒருநாள் ரசத்தில் உப்பு அதிகம் என்று தட்டை எறிந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படிச் செய்ததில்லை. இது நோய், குணம் மாறியதல்ல என்று அன்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன். நாலைந்து மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு." நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

அடுத்த பந்தயம் நெருங்கியபோது என் மைத்துனன் முனியாண்டி வந்தான். அஞ்சலையின் தம்பி, அதே பட்டறையில் வேலை. கையில் என் தொப்பி, பளபளவென்று சிவப்புப் பெயிண்டில்.

"இந்தத் தடவ நான்தான் ஓட்டுறேன் மச்சான். தவுக்கே சொல்லிட்டாரு. தொப்பிய ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சு, பெயிண்ட் அடிச்சிட்டோம். புதுசாட்டம் இருக்குலா? உங்க உசுரக் காப்பாத்தின தொப்பி, ராசியானது."

போட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினான். முகம் முதலில் ஒரு பக்கம் போனது, தொப்பி பிறகுதான் வந்தது.

அதைப் பார்த்ததும் அந்தப் பந்தயக் காலை எனக்கு நினைவுக்குத் திரும்பி வந்தது. அதே ஆட்டம். மொட்டைத் தலையில் இரண்டு விரல் அளவு தொப்பி சுற்றியது. திடலில் கொடியைத் தயாராகப் பிடித்திருந்தார்கள். அது ஆபத்து என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"கழட்டுடா அத," என்றேன். "அன்னைக்குக் காலையில எனக்கும் இப்படித்தான் சுத்துச்சு. வார இறுக்கிக் கட்டிட்டுப் போயிட்டேன். அதான் விழுந்தப்ப தொப்பி சரிஞ்சு இடது பக்கம் வெறுந்தலையா அடிபட்டிருக்கு."

அஞ்சலை அடுப்படியிலிருந்து வந்தாள். "தெரிஞ்சா போனீங்க? யார்கிட்டயும் ஏன் சொல்லல?"

"முடி எறக்குனதாலதான் தொளதொளன்னு ஆச்சு. நீ வேண்டினத எப்படிக் குத்தம் சொல்றது?"

அவள் முகம் சுண்டிப்போனது. "வேண்டுதல்ல குத்தமில்ல," என்றாள். "ரெண்டு வாரம் தள்ளி எறக்குறேன்னு சொன்னா முருகன் மாட்டேன்னா சொல்லியிருப்பாரு? வாயத் தொறக்காதது நீங்க."

உண்மைதான். அவள் மனம் நோகக்கூடாது என்று நான் செய்த காரியம் அவளை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நிற்க வைத்தது. வெட்கமாக இருந்தது.

முனியாண்டி விடவில்லை. "உள்ளார துண்டு மடிச்சு வச்சுக்கிறேன் மச்சான். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு ஊரே சொல்லுதுலா."

"போன தலைப்பாகைய யாராச்சும் திரும்ப எடுத்துக் கட்டுவாங்களாடா?" என்று தொப்பியை வாங்கித் தட்டினேன். வலப்பக்கம் கணீரென்றது. இடப்பக்கம், பின்னால், அழுகிய தேங்காய் போலத் தொப்பென்றது. ஒருமுறை அடிவாங்கிய தொப்பி தன் வேலையை முடித்துவிட்டது. உள்ளே விட்ட விரிசலைப் பெயிண்ட் மூடியிருந்தது. மிச்சமிருந்த அரக்கையும் ஸ்பிரிட் கரைத்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே," என்றான் முனியாண்டி.

அஞ்சலை என் கையிலிருந்து அதைப் பிடுங்கி அம்மிமேல் வைத்தாள். குழவியைத் தூக்கி ஒரே போடு. சிவப்புப் பெயிண்ட் நீளமாகப் பிளந்து, கித்தான் அடுக்குகள் வெங்காயச் சருகு மாதிரி பிரிந்து கிடந்தன.

"தலைப்பாகை இப்பத்தான் போச்சு," என்று குழவியைக் கழுவப் போனாள்.

தவுக்கே இரண்டு நாள் திட்டிவிட்டு வேறு தொப்பிக்கு எழுதினார். அது வந்ததும் முனியாண்டி தலையில் நானே போட்டு ஆட்டிப் பார்த்தேன். பந்தயம் முடியும்வரை முடி வெட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். மூன்றாவதாக வந்தான். உருப்படியாக வந்தான்.

நான் பிறகு பந்தயம் ஓட்டவில்லை. முன்பெல்லாம் எனக்குக் கை உண்டு, கால் உண்டு. தலை என்பது முடி வளரும் இடம், அவ்வளவுதான். இப்போது படுக்கும்போதும் எழும்போதும் அதன் கனம் தெரிகிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப்போவது போல மெதுவாகத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

பந்தயக் காலை திரும்பி வந்தாலும் அதற்குப் பிந்திய மூன்று நாள் வரவே இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து நேராகச் செவ்வாய்க்கிழமைக்குப் போய்விட்டேன். எப்போதாவது அஞ்சலையிடம், என்ன நடந்தது, முழுக்கச் சொல் என்று கேட்பேன். இங்கே எழுதியதற்கு மேல் அவள் சொல்வதில்லை.

"அத ஏன் தேடுறீங்க?" என்பாள். "அந்த மூணு நாளு உங்களுது இல்ல. என்னுது."